பவுன் குழியை விட்டு வெளியே வந்தால் எந்த வேலை கை கொடுக்கும்?

கேள்வி: நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 36 வயது. வெள்ளைக்காரன் காலத்துப் பழைய குழியில் கல் உடைத்துப் பவுன் எடுக்கிறார். போன மாதம் 21 நாள் போனார். 17,500 ரூபாய் கொண்டுவந்தார். அதில் 6,000 ஒரே நாளில் கிடைத்தது. செலவு 3,000 போனது. பவுன் வாங்குகிறவரிடம் 40,000 முன்பணம் வாங்கியிருக்கிறோம். அதைத் திருப்பித் தரும்வரை அவருக்கு மட்டும்தான் விற்க வேண்டும். விலையில் 15 சதவீதம் குறைத்துத்தான் எடுக்கிறார். இந்த வேலை வேண்டாம் என்று இருவருமே நினைக்கிறோம். அவருக்குப் பழைய ஆட்டோ எடுக்க ஆசை, எனக்குக் கறவை மாடு. அண்ணன் திருப்பூருக்கு வரச் சொல்கிறார். அரை ஏக்கர் தேயிலை உண்டு, பட்டா இல்லை. ஆறு வருடமாக மகளிர் குழுவில் இருக்கிறேன். ஒன்றரைப் பவுன் செயினை அடகு வைத்து மாடு வாங்கலாமா?

பதில்: செயின் கழுத்திலேயே இருக்கட்டும், சகோதரி. மாடு, ஆட்டோ இரண்டுக்கும் முன்னால் தீர்க்க வேண்டியது அந்த 40,000 ரூபாய்தான்.

அது வட்டியில்லாக் கடன் போலத் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 சதவீதம் கழித்து உங்கள் கைக்கு வந்தது 17,500 என்றால், அந்தப் பவுனின் முழு விலை ஏறக்குறைய 20,590. வித்தியாசம் 3,090 ரூபாய். ஒரே மாதத்தில் 40,000 ரூபாய்க்கு இவ்வளவு என்றால் நூற்றுக்கு மாதம் ஏழே முக்கால் வட்டி. கந்துவட்டிக்காரர்கூட இதைச் சொல்லக் கூசுவார். அசலோ அப்படியே நிற்கிறது. உங்கள் வீட்டுக்காரரைத் தினமும் குழிக்குள் இறக்குவது பவுன் ஆசை இல்லை, இந்த முன்பணம். உங்கள் குழுவில் 40,000 கேளுங்கள். மாதம் ஒன்றரை வட்டி என்றாலும் முதல் மாதம் 600 ரூபாய்தான். 20 தவணை வைத்தால் முதல் மாதம் 2,600, பிறகு குறைந்துகொண்டே வரும். வியாபாரியிடம் பணத்தைச் சாட்சி வைத்துக் கொடுங்கள். கையெழுத்துப் போட்ட தாள் எதுவும் அவரிடம் இருந்தால் திரும்ப வாங்காமல் வராதீர்கள்.

அடுத்தது வேலை. கானாவில் பவுன் தோண்டுகிற கிராமத்து மக்களுக்கு மாற்றுத் தொழில் என்று நத்தை வளர்ப்பு, காளான், பட்டுப்புழு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பலர் மறுபடி குழிக்கே போனார்கள். அவர்களைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது. பவுன் குழி அன்றாடம் காசு தருகிறது. நத்தை பல மாதம் கழித்துத் தரும், அதுவும் வாங்க ஆள் இருந்தால். அரிசிக்கடைக்காரர் அதுவரை காத்திருப்பாரா? ஆகவே வருடத்துக்கு எவ்வளவு வரும் என்பதை மட்டும் பார்த்து மாற்று வேலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதல் காசு எத்தனை நாளில் கைக்கு வரும் என்று பாருங்கள்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு வேலை முதலில் நிற்கிறது. சேரம்பாடி தாண்டினால் கேரளத்து வயநாடு. கட்டட வேலைக்கு நாட்டிலேயே அதிகக் கூலி கேரளத்தில்தான். காலையில் பஸ் ஏறி சுல்தான் பத்தேரி பக்கம் போய் மாலையில் திரும்பலாம். பாறை எங்கே விரிசல் விடும், எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவருக்குக் கிணறு வெட்டு, அடித்தளம், கல் கட்டு வேலை புதிதல்ல. நாள் கூலி 850, மாதம் 18 நாள் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கும் டீக்கும் தினம் 100 கழித்தால் 13,500 நிற்கும். குழியில் செலவு போக நின்றது 14,500. ஆயிரம் குறைகிறதே என்பீர்கள். அந்த 6,000 ரூபாய் நாள் வராமல் போயிருந்தால் உங்களுக்கு மிஞ்சியிருப்பது 8,500தான். அப்படிப்பட்ட மாதங்கள் எத்தனை வந்தன என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு குறை உண்டு: மழை. தேவாலா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எப்படிக் கொட்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கட்டட வேலை படுத்துவிடும். அக்டோபர் முதல் மே வரை மாதம் 1,500 வங்கியில் ஆர்.டி. போட்டால் 12,000 சேரும். மழை மாதங்களுக்கு அது அரிசிப் பணம். இந்தப் பணம் இல்லாத வீட்டில்தான் ஆள் மறுபடி குழிக்குப் போகிறார்.

மாடு நல்ல யோசனைதான், ஆறு மாதம் கழித்து, ஒரே ஒரு மாடு. பால் வண்டி உங்கள் ஊருக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். சிறுத்தையும் புலியும் நடமாடுகிற இடத்தில் உறுதியான கொட்டகையும் காப்பீடும் இல்லாமல் மாடு வாங்குவது கடனை மேய்ச்சலுக்கு விடுவது போல. மாடு வளர்ப்புக்கும் கிசான் கிரெடிட் கார்டு கிடைக்கிறது. 2 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது. பட்டா இல்லாத உங்களுக்கு இது முக்கியம். பராமரிப்புச் செலவுக்கான கடன் அது. சொன்ன தேதியில் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான். மாடு வாங்கும் பணத்துக்குக் குழு மூலமாக வங்கியைக் கேளுங்கள்.

ஆட்டோ இப்போது வேண்டாம். 2 லட்சத்தை 20 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 7,430 ஆகும். மழையில் சவாரி இல்லாத மாதமும் தவணை நிற்காது. இரண்டு தவணை தவறினால் வண்டியும் போகும். ஒரு முன்பணத்தை விட்டு இன்னொன்றில் மாட்டுவானேன்? திருப்பூரில் வீட்டு வாடகையும் பிள்ளைகள் பள்ளியும் சேர்ந்தால் மிச்சம் குறையும். இங்கே எல்லாம் கைவிட்டால் மட்டும் போங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் புதிதாகப் பணம் போடாதீர்கள். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றுங்கள். அக்கம்பக்கத்தில் கொடி கேட்டால் செலவு அதிகமில்லை. மூன்று வருடம் கழித்துக் காய்க்கும். அதுவரை பசுந்தேயிலைக் காசு வீட்டுக்கு உதவும்.

பெரிய கட்டி ஒருநாள் கிடைக்கும் என்று அவர் சொன்னால் இதைச் சொல்லுங்கள். 1880 வாக்கில் லண்டனில் பெரும் மூலதனம் திரட்டி முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இதே தேவாலா, பந்தலூர் மலையைக் குடைந்தன. சில வருடங்களில் போட்டது போட்டபடி போனார்கள். அவர்கள் விட்டுப்போன குழிதான் அது. அனுமதியில்லாமல் அங்கே தோண்டினால் 1957-ம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை. மண் சரிந்தால் நஷ்டஈடு கேட்டு யார் வாசலிலும் நிற்க முடியாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பவுனைப் பிரிக்கப் பாதரசம் கலந்த உருண்டையை வீட்டு அடுப்பில் காய்ச்சுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அந்த ஆவிக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வளரும் பிள்ளைகளின் மூளைக்கு இன்னும் மோசம். அவருக்குக் கை நடுக்கமோ தூக்கமின்மையோ இருந்தால் அரசு மருத்துவமனையில் என்ன வேலை செய்தார் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். குழு கூடுகிற நாளில் கடன் மனுவைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை அவரைச் சேரம்பாடி பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.