ஒரே ஊர், ஒரே மருத்துவமனை. சில குடும்பங்களில் மட்டும் நோய் ஓயாமல் வருவது ஏன்?

வருமானம், வேலை, வீடு, குடிநீர், கல்வி, அக்கம்பக்கத்து ஆதரவு போன்றவற்றை உடல்நலத்தின் சமூகக் காரணிகள் என்பார்கள். மருத்துவர் பார்ப்பது நோய் வந்த பிறகு. அது வருமா, எத்தனை முறை வரும் என்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூரத்திலிருந்து சுமந்து வரும் வீட்டில் முதலில் குறைவது குடிக்கும் தண்ணீர் அல்ல, கை கழுவும் தண்ணீர். விளைவு, திரும்பத் திரும்ப வயிற்றுப்போக்கு. தின்ற சத்து உடலில் ஒட்டாது. மெலிந்த குழந்தையை அடுத்த கிருமி எளிதில் பிடிக்கும். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள். நோய் முற்றினால் செலவு கூடும், கடன் வரும், சாப்பாட்டின் தரம் இறங்கும். மறுபடி நோய்.

அடியில் ஓட்டையுள்ள குடம் மாதிரிதான் இது. மாத்திரையும் சத்துமாவும் மேலிருந்து ஊற்றும் நீர். வீட்டுக் குழாய், கழிப்பறை, சம்பளத்தோடு கூடிய விடுப்பு ஆகியவை ஓட்டையை அடைப்பவை. ஊற்றுவதை நிறுத்தச் சொல்லவில்லை, அடைக்காமல் ஊற்றினால் நிரம்பாது என்பதுதான்.

'இது பரம ஏழைகளின் பிரச்சினை, இல்லையென்றால் கெட்ட பழக்கத்தின் பலன்' என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், பதவி படிப்படியாக இறங்க இறங்க இதயநோய் மரணம் கூடியது, புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்த பின்னும் அந்த வித்தியாசம் மறையவில்லை.