இணையப் பக்கம் வெறும் எழுத்தாக மட்டும் தெரிகிறது, ஏன்?

மாங்குளத்தில் டொங்கிள் போட்ட மடிக்கணினி; பயர்பொக்ஸ் உலாவியில் நிறமில்லை, பெட்டியில்லை, நீல இணைப்புகள் மட்டும் வரிசையாகக் கிடக்கின்றன என்கிறீர்கள். பயப்படாதீர்கள், கணினி பழுதில்லை. பக்கத்தின் எழுத்து ஒரு கோப்பு, அதற்கு அலங்காரம் செய்யும் சிஎஸ்எஸ் பெரும்பாலும் வேறு கோப்பு. இரண்டாவது வந்து சேரவில்லை, அவ்வளவுதான். சிக்னல் விட்டுவிட்டு வந்தால் இப்படித்தான்.

கொன்ட்ரோலை அழுத்தியபடி எஃப்5 தட்டுங்கள். சேமித்த பழசை விட்டுவிட்டுப் புதிதாக இறக்கும். பெரும்பாலும் இதோடு சரி.

ஒரே தாவலில் எந்தத் தளம் திறந்தாலும் அப்படியா? ஆல்ட் விசையைத் தட்டி, வியூ பட்டியலில் பேஜ் ஸ்டைலைப் பாருங்கள். ‘நோ ஸ்டைல்’ தெரிவாகியிருந்தால் ‘பேசிக்’குக்கு மாற்றுங்கள். (எங்கள் வீட்டில் மருமகனின் கைவண்ணம் அது.) அப்புறமும் சரிவராவிட்டால் விளம்பரத் தடுப்பானை நிறுத்திப் பாருங்கள், சிலவேளை அது சிஎஸ்எஸ்ஸையும் சேர்த்துத் தடுத்துவிடும்.