நான்கு அங்கம் இருப்பது அச்சுப்பிழை இல்லை

வகுப்பில் எல்லோரிடமும் மூன்று அங்கம், நான் வாங்கிய ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நாடக மறுபதிப்பில் மட்டும் நான்கு, ஏமாந்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆஸ்கர் வைல்டு முதலில் எழுதியதே நான்குதான். மேடையேற்றிய ஜார்ஜ் அலெக்ஸாண்டர் சுருக்கச் சொன்னதால் 1895இல் லண்டனில் மூன்றாக அரங்கேறியது, 1899இல் அச்சானதும் அதுதான். பாத்திரப் பட்டியலில் கிரிப்ஸ்பி என்ற வக்கீல் இருக்கிறாரா பாருங்கள். சவாய் ஓட்டலில் வைத்த 762 பவுண்டு சாப்பாட்டு பாக்கிக்காக, எர்னஸ்ட் என்று பொய் சொல்லி வந்த நாயகன் ஜாக்கின் நண்பன் ஆல்ஜெர்னனைப் பிடித்துப்போக வருவார். லண்டனில் எர்னஸ்ட் என்ற பெயரில் தின்றது ஜாக், மாட்டுவது இவன்! அந்தக் காட்சியை வெட்டியிருக்கவே வேண்டாம். சரி, தேர்வுக்கு மட்டும் மூன்று அங்கப் பதிப்பை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மேற்கோளில் அங்க எண் இடிக்கும். அப்புறம், கையில் இருப்பதை விற்றுவிடாதீர்கள்.