ஜெர்மனியில் மட்ரிக்கல் நம்பர்: எங்கே கிடைக்கும், எங்கே எழுத வேண்டும்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இந்த வருடம் கிளம்புகிற மற்றவர்களுக்கும் இதே குழப்பம் இருக்கும். மாஸ்டர்ஸ் அட்மிஷன் லெட்டர் வந்துவிட்டது, விசாவும் கையில் இருக்கிறது, செப்டம்பர் கடைசியில் ஜெர்மனி வருகிறீர்கள். ஹாஸ்டல் விண்ணப்பத்தில் "மட்ரிக்கெல்நும்மர்" (மட்ரிக்கல் நம்பர், அதாவது மாணவர் பதிவு எண்) என்று ஒரு கட்டம், இன்சூரன்ஸ்காரர்களும் அதையே கேட்கிறார்கள். உங்களிடம் ஏபிஎஸ் சான்றிதழில் ஒரு நம்பர், யூனி அசிஸ்ட் விண்ணப்பத் தளத்தில் ஒரு நம்பர், அட்மிஷன் லெட்டரில் ஒரு நம்பர் என்று மூன்று இருக்கிறது. இதில் எது அது, தப்பாகக் கொடுத்தால் அட்மிஷன் போய்விடுமா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுமே இல்லை. அட்மிஷனும் எங்கும் போகாது, பயப்படாதீர்கள்.

ஏபிஎஸ் நம்பர் உங்கள் இந்தியச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்ததற்கான நம்பர், 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு விசாவுக்கு அது கட்டாயம், அதோடு அதன் வேலை முடிந்தது. யூனி அசிஸ்ட் நம்பரும் லெட்டரில் இருக்கிற பெவெர்பர்நும்மரும் விண்ணப்பதாரர் எண்கள், அதாவது இடம் கேட்டவர் என்ற அடையாளம். மட்ரிக்கல் நம்பர் என்பது இடம் கிடைத்து, பணம் கட்டி, இன்சூரன்ஸ் தகவல் போய்ச் சேர்ந்து, பல்கலைக்கழகம் உங்கள் பெயரை மாணவர் பட்டியலில் ஏற்றிய பிறகு பிறக்கிற நம்பர். அந்தப் பதிவுக்குப் பெயர் இம்மட்ரிகுலாட்சியோன். நம் ஊரில் மெட்ரிக்குலேஷன் பள்ளி என்கிறோமே, அதே லத்தீன் வேர்தான், பெயர்ப் பட்டியல் என்று அர்த்தம். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் 1386இல் தொடங்கிய மாணவர் பட்டியல் இன்றும் இருக்கிறது, அந்த வரிசையில்தான் நீங்களும் வந்து நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனவே ஹாஸ்டல் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை இப்போது காலியாக விடுங்கள், எழுத இடம் கொடுத்திருந்தால் "wird nachgereicht" என்று எழுதுங்கள், பிறகு தருகிறேன் என்று பொருள், இங்கே எல்லா அலுவலகத்துக்கும் பழக்கமான வார்த்தை. தெரியாமல் விண்ணப்பதாரர் எண்ணை அதில் போட்டுவிடாதீர்கள், அப்புறம் அதை மாற்ற நாலு மெயில் போட வேண்டியிருக்கும்.

இன்சூரன்ஸ் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. 2022 முதல் அரசு சார்ந்த கிராங்கன்காஸ, அதாவது மருத்துவ இன்சூரன்ஸ் நிறுவனம், எதுவாக இருந்தாலும் உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற தகவலை நேராகப் பல்கலைக்கழகத்துக்கு மின்னணு வழியில் அனுப்புகிறது, அதற்கு எம்10 என்று பெயர். அதை அனுப்ப அவர்களுக்கு வேண்டியது முக்கியமாகப் பல்கலைக்கழகத்தின் அனுப்புநர் எண், எச் என்ற எழுத்தில் தொடங்கும், பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். உங்கள் மட்ரிக்கல் நம்பர் வந்த பிறகு கொடுத்தால் போதும், "இன்னும் சேரவில்லை, சேர்ந்ததும் தருகிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். ஆனால் பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரி, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். நமக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுவிடுகிறோம், சிலருக்கு அந்தக் கட்டமே காலி. நான் சேர்ந்தபோது இன்சூரன்ஸ் சான்றிதழில் என் பெயரையும் அப்பா பெயரையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள், பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை என்று சேர்க்கை இரண்டு வாரம் நின்றது. இந்த நாட்டில் நம் பெயர் ஐந்து விதமாக எழுதப்படும் தம்பி, பேராசிரியர் உங்களை உங்கள் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். எப்படி எழுதினாலும் மாறாமல் நிற்கிறது அந்த நம்பர் ஒன்றுதான். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

சரி, சேர்ந்த பிறகு எங்கே பார்ப்பது? முதலில் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள், ஆஹனில் ஆர்டபிள்யூடிஹெச் ஆன்லைன், மியூனிக்கில் டியூஎம் ஆன்லைன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும், உள்ளே உங்கள் பெயருக்குப் பக்கத்திலோ "என் படிப்பு" என்ற பகுதியிலோ இருக்கும். அங்கேயே இம்மட்ரிகுலாட்சியோன்ஸ் பெஷைனிகுங் என்ற பிடிஎஃப் இறக்கலாம், பசங்க சுருக்கமாக இம்மா என்பார்கள், நம் ஊர் போனஃபைட் சான்றிதழ் மாதிரி. அதில் பெயர், பிறந்த தேதி, படிப்பு, எத்தனையாவது செமஸ்டர், இந்த நம்பர் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். அப்புறம் மாணவர் அட்டை, பெரும்பாலும் முன்பக்கத்தில் சின்ன எழுத்தில் "Matr.-Nr." என்று போட்டிருக்கும். அட்டையின் பார்கோடுக்குக் கீழே இன்னொரு நீள எண் இருந்தால் அது நூலகத்துக்கு, அதை எழுதிவைத்துக்கொண்டு தடுமாறியவர்களை நானே பார்த்திருக்கிறேன். லாகின் செய்கிற எழுத்தும் எண்ணும் கலந்த பெயரும் வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்றால் 12 இலக்க ரெஜிஸ்டர் நம்பர் பழகியிருக்கும், அதைப் பார்த்தே கல்லூரி, வருடம், டிபார்ட்மென்ட் எல்லாம் சொல்லிவிடலாம். இங்கே பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு இலக்கம்தான், அதைப் பார்த்து உங்கள் படிப்பு எதுவென்று யாரும் சொல்ல முடியாது. முன்னால் பூஜ்யம் இருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள், அதை விட்டால் சில இடங்களில் எண் செல்லாது.

இனி அதை எங்கே எழுத வேண்டும் என்பது, இங்கேதான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள், நானும் அடிபட்டேன்.

ஒவ்வொரு செமஸ்டருக்கும் ருக்மெல்டுங் என்று ஒன்று உண்டு, அடுத்த செமஸ்டரும் படிக்கிறேன் என்று பணம் கட்டிச் சொல்வது. குளிர்காலச் செமஸ்டர் அக்டோபர் 1இல் தொடங்கி மார்ச் 31 வரை, கோடைச் செமஸ்டர் ஏப்ரல் 1இல் தொடங்கி செப்டம்பர் 30 வரை, கட்ட வேண்டிய கெடு அதற்குப் பல வாரம் முன்னாலேயே வந்துவிடும். பணம் அனுப்பும்போது வங்கிப் படிவத்தில் எதற்காக என்று எழுத ஒரு கட்டம் இருக்கும், ஃபெர்வெண்டுங்ஸ்ட்ஸ்வெக் என்பார்கள், அதில் மட்ரிக்கல் நம்பர் எழுத வேண்டும், பல்கலைக்கழகம் வேறு ஏதாவது குறியீடு கொடுத்திருந்தால் அதை அப்படியே எழுத வேண்டும். நான் 2010இல், இரண்டாவது செமஸ்டருக்கு, பழைய விண்ணப்பதாரர் எண்ணை எழுதி அனுப்பிவிட்டேன். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, நானும் நிம்மதியாக இருந்தேன். ஒரு மாதம் கழித்துச் சாம்பல் நிற உறையில் ஒரு கடிதம், பணம் வரவில்லை, இந்தத் தேதிக்குள் வராவிட்டால் எக்ஸ்மட்ரிகுலாட்சியோன். மாணவர் பட்டியலிலிருந்து நீக்கம் என்று அகராதி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், கை நடுங்கிவிட்டது. நமக்கு இருப்பது படிப்புக்காக இங்கே தங்கும் அனுமதி, பட்டியலில் பெயர் போனால் அதற்கும் சிக்கல். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கே வங்கி அறிக்கையை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்த அம்மா பெயரைக் கேட்கவே இல்லை, "நும்மர்?" என்று மட்டும் கேட்டார், அட்டையை நீட்டினேன், யாருடையது என்று தெரியாமல் கிடந்த பணத்தை இரண்டு நிமிடத்தில் என் பெயரில் சேர்த்தார். தாமதக் கட்டணம் கட்டினேன். அந்த ஒரு இரவு தூங்காததை உங்களுக்கு நேர விடக்கூடாது என்றுதான் இதைச் சொல்கிறேன்.

பரீட்சை அடுத்தது. இங்கே ஹால் டிக்கெட் கிடையாது. மாணவர் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் மேஜையில் பக்கத்தில் வைத்துவிட்டு எழுத வேண்டும், கண்காணிப்பாளர் பட்டியலோடு வந்து அட்டையிலிருக்கும் எண்ணைப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே போவார். விடைத்தாள் ஒவ்வொன்றிலும் மேலே பெயரும் எண்ணும் எழுதுங்கள், முதல் பக்கத்தில் மட்டும் எழுதிவிட்டுப் பரீட்சையைத் தொடங்காதீர்கள், தாள்கள் பிரிந்துவிட்டால் யாருடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை. என் முதல் கிளவுசூரில், அதாவது எழுத்துத் தேர்வில், கடைசி ஐந்து நிமிடத்தில் கண்காணிப்பாளர் வந்து என் ஒவ்வொரு தாளின் மூலையையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார், எழுத வேண்டிய கடைசிக் கணக்கை விட்டுவிட்டு எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன்.

இதைவிட முக்கியமானது ஒன்று, தயவுசெய்து இதை இரண்டு தடவை படியுங்கள். வகுப்புக்குப் பதிவு செய்வது வேறு, பரீட்சைக்குப் பதிவு செய்வது வேறு. நம் ஊரில் ஃபீஸ் கட்டினால் கல்லூரியே பார்த்துக்கொள்ளும், இங்கே உங்கள் கணக்குக்குள் போய் ஒவ்வொரு பரீட்சைக்கும் நீங்களே பதிய வேண்டும், அதற்குத் தனிக் கெடு உண்டு. அன்று ஹாலுக்குப் போய்ப் பட்டியலில் உங்கள் எண் இல்லை என்றால், செமஸ்டர் முழுக்க முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் பெரும்பாலும் எழுத விடமாட்டார்கள். பதிந்ததும் உறுதிப்படுத்தும் பக்கத்தைப் பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள்.

மதிப்பெண் இப்போது இணையத்தில் வருகிறது. நான் படித்தபோது சில துறைகளில் பரீட்சை முடிவைத் தாளில் அச்சிட்டுக் காரிடாரில் ஒட்டுவார்கள், பெயர் இருக்காது, இடது பக்கம் எண், வலது பக்கம் 1,3 அல்லது 2,7 அல்லது 5,0. இங்கே 1,0 உச்சம், 4,0 வரை பாஸ், 5,0 ஃபெயில். ஒரே நாளில் சேர்ந்த நாங்கள் மூன்று பேருக்கும் எண் அடுத்தடுத்து வந்திருந்ததால் ஒருவர் மதிப்பெண் மற்றவருக்கு அப்படியே தெரிந்துவிட்டது, அதில் ஒரு பெண் அன்று பேசாமல் அறைக்குப் போய்விட்டாள். அதனால்தான் சொல்கிறேன், இது ரகசிய எண் இல்லை என்றாலும் இம்மாவை அப்படியே படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், அதில் பிறந்த தேதியும் இருக்கிறது. வீட்டு ஓனருக்கு அனுப்புவதென்றால்கூட யாருக்கு என்று தெரிந்து அனுப்புங்கள்.

அலுவலகத்துக்கோ பேராசிரியருக்கோ மெயில் எழுதினால் கடைசியில் பெயர், அதன் கீழே மட்ரிக்கல் நம்பர், அதன் கீழே படிப்பின் பெயர் என்று மூன்று வரி போடுங்கள். மெயிலில் ஒரே நிரந்தரக் கையொப்பமாக வைத்துவிட்டால் மறக்காது. ப்ரூஃபுங்ஸ்ஆம்ட்டுக்கு, அதாவது தேர்வு அலுவலகத்துக்கு, இது இல்லாமல் எழுதினால் முதல் பதிலே "உங்கள் எண் என்ன" என்றுதான் வரும், அதற்கே ஒரு வாரம் போய்விடும்.

பகுதி நேர வேலைக்குப் போகும்போது முதலாளி கேட்கிற எண்கள் வேறு. வரிக்கு 11 இலக்க ஸ்டாயர் ஐடி, ஊரில் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்தபின் தபாலில் தானாக வரும், வாழ்நாள் முழுக்க அதே எண். சமூகக் காப்பீட்டுக்கு நடுவில் ஒரு எழுத்து வருகிற 12 இடம் கொண்ட எண், அதை முதல் வேலையின்போது கிராங்கன்காஸவைக் கேட்டால் வழி சொல்வார்கள். மட்ரிக்கல் நம்பரை வேலை கொடுப்பவர்கள் தனியாகக் கேட்பது அபூர்வம், ஆனால் ஒவ்வொரு செமஸ்டரும் புது இம்மா கேட்பார்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் பின்னாளில் வேறு படிப்புக்கு மாறினால் எண் பொதுவாக மாறாது, வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் புதிது. படிப்பு முடிந்த பிறகு கணக்கு பெரும்பாலும் மூடப்பட்டுவிடும், அதற்கு முன்னாலேயே எல்லா செமஸ்டரின் இம்மாவையும் மதிப்பெண் பட்டியலையும் இறக்கி வையுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது இன்சூரன்ஸுக்கு அந்த எச் எண்ணைக் கொடுப்பதும் செமஸ்டர் பணத்தைக் கட்டுவதும்தான். வந்து இறங்கிய முதல் நாளே அறைக் கதவுக்கும் கீழே தபால்பெட்டிக்கும் உங்கள் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி எழுதி ஒட்டுங்கள், பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார், ஸ்டாயர் ஐடி அந்தத் தபாலில்தான் வரும், பல ஊர்களில் மாணவர் அட்டையும் அப்படித்தான். வந்ததும் ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.