ஈஸ்ட்வுட்டை விடுங்கள், அந்தக் கர்னலைக் கவனியுங்கள்

கேள்வி: 1965-இல் வந்த 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் பரிசுப் பணத்துக்காக ஆட்களைச் சுட்டுத் தள்ளுகிறார். அவர் நல்லவரா, கெட்டவரா? நமக்கு ஏன் அவர் மேல் கோபமே வருவதில்லை?

முடிவு வரை சொல்லப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

ஈஸ்ட்வுட் நடித்த மான்கோ பற்றி எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. அவன் கூலிக்குக் கொல்பவன், அதை மறைப்பதும் இல்லை. இந்தப் படத்தில் நான் சந்தேகத்தோடு பார்க்கிற ஆள், எல்லாரும் கைதட்டி வழியனுப்புகிற இன்னொரு பரிசு வேட்டைக்காரர், கர்னல் மார்டிமர்தான்.

முதலில் படத்தின் உலகம். தூரத்தில் ஒருவன் குதிரையில் வருகிறான். யாரோ சீட்டியடிக்கிறார்கள், சுருட்டுப் பற்றவைக்கும் சத்தம், ஒரு குண்டு. குதிரைக்காரன் விழுந்துவிடுகிறான். சுட்டது யார் என்று காட்டுவதே இல்லை. பிறகு திரையில் எழுத்து வருகிறது: உயிருக்கு மதிப்பில்லாத இடத்தில் சாவுக்குச் சில சமயம் விலை இருந்தது, அதனால்தான் பரிசுக்காக ஆட்களை வேட்டையாடும் பவுண்டி ஹண்டர்கள் தோன்றினார்கள் என்கிற பொருளில். இதைப் படித்த பிறகு யார் நல்லவன் என்று தேடுவது நம் பொறுப்பு, இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே கையைக் கழுவிவிட்டார்.

மான்கோ அறிமுகமாகும் இடம் வொயிட் ராக்ஸ் என்ற ஊர். கவனாஹ் என்பவன் தலைக்கு 2000 டாலர். மான்கோ நேராக அவன் சீட்டாடும் மேஜைக்குப் போய்ச் சீட்டைக் கலைத்துப் போடுகிறான். ஆட்டம் முடிந்ததும் பந்தயம் என்ன என்று கவனாஹ் கேட்க, "உன் உயிர்" என்று பதில் வருகிறது. சீட்டுப் போடுவது, அடிப்பது எல்லாம் இடது கையால்தான்; வலது கை போர்வைக்குள் துப்பாக்கிக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. கூட்டாளிகள் மூன்று பேர் வந்து சேர, அவர்களும் போய்ச் சேருகிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டவன் சும்மா போகாமல், ஷெரிப் என்பவன் தைரியமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டாமா என்று அந்த ஊர் ஷெரிப்பிடமே கேட்கிறான். ஆமாம் என்று அவர் சொன்னதும் அவருடைய நட்சத்திரப் பட்டையைக் கழற்றி எடுத்துப் போய் வெளியே எறிந்துவிட்டு, உங்களுக்குப் புது ஷெரிப் வேண்டும் என்று ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போகிறான். காசுக்குக் கொல்பவன் நேர்மையைப் பற்றிப் பாடம் எடுக்கிறான், நாமும் அதை ரசிக்கிறோம். காரணம் சாதாரணமானது. அவன் எதிராளியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து அவனுக்கும் ஒரு வாய்ப்பு கொடுக்கிறான்.

கர்னல் அப்படி இல்லை. அவராக வரும் லீ வான் கிளீஃப் கறுப்பு உடையில் ரயிலில் உட்கார்ந்து பைபிள் படித்துக்கொண்டிருப்பார், எதிரே இருப்பவர் பாதிரியார் என்று நினைத்துக்கொள்வார். (ஹாலிவுட்டில் வருடக்கணக்கில் துண்டு வேடம் போட்டுக்கொண்டிருந்த மனிதர் இவர். 1952-இன் 'ஹை நூன்' படத்தில் ஒரு வசனம்கூட இல்லாத அடியாள். லியோனே இவரைத் தேடிப் பிடித்ததற்கே தனியாக நன்றி சொல்லலாம்.) டக்கம்காரியில் நிற்காத ரயிலைச் சங்கிலி இழுத்து நிறுத்தி இறங்குகிறார். நிஜ டக்கம்காரி 1901-இல்தான் உருவானது, படத்தின் காலமோ அதற்கு முந்தையது. லியோனே அதற்கெல்லாம் கவலைப்படுகிற ஆள் இல்லை.

அங்கே கேலவே என்பவன் தலைக்கு 1000 டாலர். அவன் ஜன்னல் வழியாகக் குதித்துக் குதிரையில் தப்புகிறான். கர்னல் அவசரப்படாமல் தன் குதிரைக்குப் பக்கத்தில் போய், சேணத்தோடு கட்டியிருக்கும் துணிச்சுருளை அவிழ்க்கிறார். உள்ளே வரிசையாகத் துப்பாக்கிகள், பட்டறைக்காரர் ஆயுதம் அடுக்கி வைத்திருப்பது போல. நீளமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து அவன் குதிரையைச் சாய்க்கிறார். கேலவே எழுந்து கைத்துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே வருகிறான். அவன் குண்டுகள் கர்னலுக்கு முன்னாலேயே மண்ணில் விழுகின்றன. கர்னல் நீளக் குழல் பிஸ்டலில் கட்டையைப் பொருத்தித் தோளில் வைத்து நிதானமாகக் குறி பார்க்கிறார். ஒரே குண்டு, நெற்றியில்.

இந்தக் காட்சியை நாம் திறமை என்று பார்க்கிறோம். எதிராளியின் குண்டு எட்டாத தூரம் எது என்று அளந்து, அங்கே நின்று சுடுவதற்குப் பெயர் சண்டையா? சட்டம் கேள்வி கேட்காது, உயிரோடோ பிணமாகவோ என்றுதான் சுவரொட்டியே சொல்கிறது. ஆனால் அதே வேலையை நிஜத்தில் செய்தவர்களை ஊர் எப்படிப் பார்த்தது? 1882-இல் கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸை ராபர்ட் ஃபோர்ட் பரிசுக்கு ஆசைப்பட்டுப் பின்னாலிருந்து சுட்டான். நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது, மிசௌரி ஆளுநர் உடனே மன்னிப்பும் கொடுத்தார். சட்டப்படி தப்பித்தான், ஆனால் கோழை என்ற பெயர் கடைசிவரை போகவில்லை. கர்னலுக்கு மட்டும் அந்தப் பெயர் வராமல் லியோனே பார்த்துக்கொள்கிறார்.

எல் பாஸோவில் இருவரும் மோதிக்கொள்ளும் தொப்பிக் காட்சியிலும் இதே கணக்குதான். கர்னல் குனிந்து தொப்பியை எடுக்கப் போகும்போதெல்லாம் மான்கோ சுட்டு அதைத் தள்ளிக்கொண்டே போகிறான். கர்னல் பொறுமையாகப் பின்னாலேயே நடக்கிறார். ஒரு கட்டத்தில் மான்கோவின் குண்டு தொப்பி வரைக்கும் எட்டவில்லை. அப்போதுதான் இவர் துப்பாக்கியை எடுத்து அவன் தொப்பியைப் பறக்கவிட்டு, கீழே விழாமல் சுட்டுச் சுட்டு விளையாடுகிறார். தியேட்டரில் விசில் பறக்கிற காட்சி, மறுக்கவில்லை.

அப்புறம் கூட்டணி. கொள்ளைக் கும்பல் தலைவன் எல் இண்டியோ தலைக்கு 10,000 டாலர், கும்பலில் மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு விலை. நம்மில் ஒருவர் உள்ளே போக வேண்டும் என்று திட்டம் போடுவது கர்னல். போக வேண்டியது மான்கோ. இங்கேயும் அவர் வெளியே, எட்டாத தூரத்தில். இண்டியோவின் நம்பிக்கையைப் பெறுவதற்காக அலமகோர்டோ சிறையைத் தகர்த்து அவன் நண்பனை விடுவிக்கிறான் மான்கோ. பிறகு சாண்டா குரூஸ் வங்கியைக் கொள்ளையடிக்க மூன்று பேரோடு அனுப்புகிறார்கள். மூவரையும் சுட்டுவிட்டு, கொள்ளை நடந்ததாக எல் பாஸோவுக்குப் பொய்த் தந்தி கொடுக்கவைக்கிறான். எல் பாஸோவின் காவல் ஆட்கள் அதை நம்பிக் கிளம்பிப் போய்விடுகிறார்கள். இருவரும் வங்கியின் வாசலைக் கவனித்துக்கொண்டிருக்க, கும்பல் பின்பக்கச் சுவரைத் தகர்த்துப் பெட்டியோடு போய்விடுகிறது.

யோசித்துப் பாருங்கள். கொள்ளை நடக்கப் போவது இருவருக்கும் முன்கூட்டியே தெரியும். ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கும்பல் உஷாராகிவிடும், விலை வைத்த தலைகள் கை நழுவிப் போகும். அதனால் சொல்லவில்லை. படம் முழுக்கத் தேடினாலும் இதைவிடக் கேவலமான காரியத்தை இருவரும் செய்யவில்லை, ஆனால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஏனென்றால் இண்டியோவாக வரும் ஜான் மரியா வொலொன்டே அதற்கு முன்பே நம்மை ஒரு பக்கம் தள்ளிவிட்டிருப்பார். தன்னைக் காட்டிக்கொடுத்தவனின் மனைவியையும் கைக்குழந்தையையும் கொல்லவைத்துவிட்டு, பாடும் கடிகாரத்தைத் திறந்து வைத்துப் பாட்டு முடிந்ததும் சுடலாம் என்கிறானே, அந்தக் காட்சிக்குப் பிறகு அவனைக் கொல்ல வருபவன் யாராக இருந்தாலும் நமக்குச் சம்மதம்தான். என்னியோ மொரிக்கோனேவின் இசைக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு.

சிவகாசி காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருக்கும். அவரும் இத்தாலியில் பிறந்த கௌபாய்தான், 1948-இலிருந்து. டெக்ஸ் இருக்கும் பக்கம் நியாயம் இருக்கும், சந்தேகமே வராது. அதே நாட்டிலிருந்துதான் இந்த இருவரும் வந்தார்கள்.

கடைசி மோதலுக்கு வருகிறேன். ஸ்பெயினின் அல்மேரியா பகுதியில் லோஸ் அல்பாரிகோகேஸ் என்ற சிற்றூரில் படமாக்கினார்கள், கதிரடிக்கிற வட்டக் களம். கர்னலின் துப்பாக்கி கீழே கிடக்கிறது, இண்டியோ கடிகாரத்தைத் திறந்துவிட்டான். பாட்டு தேய்ந்து முடியப் போகும்போது அதே பாட்டு இன்னொரு கடிகாரத்திலிருந்து கேட்கிறது. கர்னலின் கடிகாரத்தோடு வந்து நிற்கிறான் மான்கோ. தன் துப்பாக்கியை இடுப்பு வாரோடு கழற்றிக் கர்னலிடம் கொடுத்துவிட்டு நடுவர் மாதிரி ஓரமாக உட்கார்ந்துகொள்கிறான். இங்கே கர்னல் எதிராளியின் குண்டு எட்டும் தூரத்தில் நிற்கிறார். அந்தச் சண்டையை நியாயமான சண்டையாக ஆக்கியவன் கூலிக்காரன். எனக்கு மான்கோ மேல் மரியாதை வருவது இந்த இடத்தில்தான். இண்டியோ செத்துப்போனால் அவனுக்கும் 10,000 டாலர் லாபம்தான் என்பது வேறு விஷயம்.

கர்னலின் தங்கை இண்டியோவால் சீரழிக்கப்பட்டு, அந்த இடத்திலேயே தற்கொலை செய்துகொண்டவள் என்று தெரியவருகிறது. பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்புகிறார். மான்கோ பிணங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டே கூட்டுகிறான், 22,000-தான் வருகிறது. எங்கேயோ இடிக்கிறதே என்று யோசிக்கும்போது பின்னால் ஒருவன் எழுந்து வர, திரும்பிச் சுடுகிறான். 27,000, கணக்கு சரி. கொள்ளைப் பணப் பையை மரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறான். வங்கிக்குத் திருப்பிக் கொடுத்தானா என்று படம் காட்டவில்லை. கொடுத்திருப்பான் என்று பந்தயம் கட்ட நான் தயாராக இல்லை.

"தங்கைக்காகத்தானே, கர்னல் பணத்தைத் தொடவில்லையே" என்று பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். வாருங்கள். ஆனால் கேலவே அவருடைய தங்கைக்கு என்ன செய்தான்? அந்த 1000 டாலரை அவர் வாங்கிக்கொண்டுதானே டக்கம்காரியை விட்டுக் கிளம்பினார்?