வாசகர் கேள்வி–பதில்: மாலைநேர சர்ஃப்ஸ்கி போட்டி

கேள்வி: ஐயா, வணக்கம். நான் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வசிக்கிறேன். கடந்த குளிர்காலம் முதல் ஸ்வான் ஆற்றில் சர்ஃப்ஸ்கி (மேலே அமர்ந்து துடுப்பால் வலிக்கும் நீண்ட, குறுகிய படகு) ஓட்டப் பழகி வருகிறேன். கோடையில் வாரநாள் ஒன்றில் மாலை ஆறு மணிக்கு எங்கள் கிளப் நடத்தும் போட்டியில் சேருமாறு நண்பர்கள் அழைக்கிறார்கள். அமைதியான நீரில் சமாளிக்கிறேன், காற்றடித்தால் தடுமாறுகிறேன். எல்லோருக்கும் கடைசியாக வந்துவிடுவேனோ, நடுவில் விழுந்துவிடுவேனோ என்று தயக்கமாக இருக்கிறது. கலந்துகொள்ளலாமா?
— பெர்த் வாசகர்

பதில்: கடைசியாக வருவதைப் பற்றிய கவலையை இப்போதே விட்டுவிடுங்கள். இத்தகைய கிளப் போட்டிகளில் மெதுவாகச் செல்பவர்களை முதலில் புறப்படவிட்டு, வேகமானவர்களைப் பின்னர் அனுப்பும் முறை பல இடங்களில் உண்டு. ஆகவே முன்னே செல்பவரும் பின்னே செல்பவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் கரை சேர்வார்கள். விழுவதைப் பற்றிய கவலை அப்படிப்பட்டதன்று. காற்றில் தடுமாறும் ஒருவர் போட்டியில் விழத்தான் செய்வார். எனவே, விழுந்தபின் ஆழமான நீரில், அலையில், களைத்த உடலோடு, பிறர் உதவியின்றி மீண்டும் படகில் ஏற முடியுமா என்பதே நீங்கள் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. முடியும் என்றால் தாராளமாகச் சேருங்கள். முடியாதென்றால், நண்பர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் இன்னும் சில வாரங்கள் பொறுத்திருங்கள்.

அதற்கான பயிற்சியைக் காற்றுள்ள ஒரு பிற்பகலில், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, கரைக்கு அருகே செய்யுங்கள். வேண்டுமென்றே கவிழுங்கள். துடுப்பை ஒரு கையில் பிடித்தபடி, படகின் பக்கவாட்டில் மிதந்து, இருக்கைப் பள்ளத்தின் மறுபக்க விளிம்பை எட்டிப் பிடித்து, கால்களை நன்கு உதைத்து, வயிறு பள்ளத்தின் மேல் வரும்படி ஏறிப் படுங்கள். பிறகு உடலைத் திருப்பி அமர்ந்து, இரு கால்களையும் இருபுறமும் நீரில் தொங்கவிட்டு நிலைப்பட்ட பின்னரே கால்களை உள்ளே எடுங்கள். பலர் இந்தக் கடைசிப் படியில் அவசரப்பட்டு மறுபடியும் விழுகிறார்கள். வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டிலிருந்தும் ஏறப் பழகுங்கள். உள்ளே புகுந்த நீரைப் பற்றி அஞ்ச வேண்டாம். படகு வேகமெடுத்ததும் அடியிலுள்ள வடிகால் அதை உறிஞ்சி வெளியேற்றிவிடும்.

எந்தப் படகில் செல்வது என்பதிலும் கவனம் தேவை. முன்னணி வீரர்களின் படகு ஏறத்தாழ ஆறரை மீட்டர் நீளமும் 43 செ.மீ. அகலமும் மட்டுமே கொண்டது. தொடக்கநிலைப் படகுகள் ஐந்தரை மீட்டர் அளவில், 55 செ.மீ.க்கு மேற்பட்ட அகலத்தில் கிடைக்கின்றன. குறுகிய படகு அமைதியான நீரில் வேகமானது என்பது உண்மையே. ஆனால் அலையில் ஒவ்வொரு வீச்சுக்கும் இடையே தயங்கித் துடுப்பால் தாங்கிக்கொண்டு செல்பவர், அகலமான படகில் தொடர்ந்து வலிப்பவரைவிடப் பின்தங்கிவிடுகிறார். ஹவாயின் மொலோகாய் கால்வாய்ப் போட்டியில் 12 முறை வென்ற தென்னாப்பிரிக்க வீரர் ஆஸ்கர் சலுப்ஸ்கி, முதலில் நிலைப்பு, அதன்பிறகே திறமை என்று ஓயாமல் வலியுறுத்தியவர். இரவல் கிடைக்கிறது என்பதற்காகப் போட்டி நாளில் குறுகிய படகில் ஏறாதீர்கள்.

உங்கள் ஊருக்கென்று ஒரு சிறப்பு உண்டு. ‘ஃப்ரீமேண்டில் டாக்டர்’ என்று அங்குள்ளோர் அழைக்கும் கடற்காற்று கோடைப் பிற்பகல்களில் தென்மேற்கிலிருந்து வந்து நகரத்தின் வெப்பத்தைத் தணிக்கிறது; ராட்னெஸ்ட் தீவிலிருந்து சொரெண்டோ கடற்கரை வரை சுமார் 27 கி.மீ. நடக்கும் புகழ்பெற்ற போட்டியும் இதன் பெயரையே தாங்கியிருக்கிறது. அந்தக் காற்று மாலை ஆறு மணிக்கும் அடங்காமல் வீசும் நாள்கள் பல. ஆற்றின் அகன்ற பகுதியான மெல்வில் வாட்டரில் அது எழுப்பும் அலைகள் உயரம் குறைந்தவை என்றாலும் நெருக்கமானவை. எதிர்காற்றில் வலிக்கும்போது குனிந்து, வீச்சைச் சுருக்கி, பொறுமையாகச் செல்லுங்கள். காற்றைப் பின்னால் பெற்றுத் திரும்பியதும் ஆட்டமே மாறிவிடும். படகின் பின்முனை அலையால் உயர்த்தப்படும் அந்தக் கணத்தில் நாலைந்து வீச்சுகளை முழு வலிமையோடு போட்டால், படகு அலையிலிருந்து இறங்கித் தானாகவே ஓடத் தொடங்கும்; அப்போது ஓய்வெடுத்துக்கொண்டு, முன்னே எங்கே பள்ளம் விழுகிறது என்று பார்த்துச் சுக்கானைத் திருப்புங்கள். ஓடும் படகில் விடாமல் வலிப்பதும், முன்னுள்ள அலையின் முதுகில் வலுக்கட்டாயமாக ஏற முயல்வதும் வீண் உழைப்பு. இந்த விளையாட்டின் இன்பம் முழுவதும் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. அதை ஒருமுறை அனுபவித்தவர் பட்டியலில் தம் இடத்தைத் தேடிப் பார்ப்பதில்லை.

மற்றொருவரின் படகு எழுப்பும் அலையில் பக்கவாட்டிலோ பின்னாலோ ஒட்டிச் செல்வது விதிக்கு முரணானதன்று. உழைப்பை நன்றாகக் குறைக்கும். மிதவையைச் சுற்றும்போது மட்டும் உள்வட்டத்தில் நெருக்கியடிக்காமல் சற்று விலகியே திரும்புங்கள். நெரிசலில் விழுபவர்களே அதிகம்.

கேள்வி: சர்ஃப்ஸ்கி என்பது கயாக்கிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது? அது எங்கே தோன்றியது?
— சிட்னி வாசகி

பதில்: கயாக்கில் உள்ளே கால் நீட்டி உட்கார்கிறோம், கவிழ்ந்தால் படகு நீரால் நிரம்பிவிடும். சர்ஃப்ஸ்கியோ கட்டுமரத்தைப் போல மேலே அமர்ந்து செல்வது, மூடிய உடலைக் கொண்டதால் மூழ்காதது. அது உங்கள் மாநிலத்துப் படகுதான், அம்மா. 1912இல் போர்ட் மக்குவாரி அருகே, இன்னஸ் ஏரியிலிருந்த தங்கள் சிப்பிப் பண்ணையைச் சுற்றிவர மெக்லாரன் சகோதரர்கள் இதன் முன்வடிவத்தைப் பயன்படுத்தினர். 1933இல் மேன்லியைச் சேர்ந்த மருத்துவர் கிராக்கன்தோர்ப் காப்புரிமை பெற்றார். கடற்கரை உயிர்காப்புக் குழுக்கள் ஏற்றுக்கொண்டபின் அது பரவியது.

கேள்வி: பதினேழு வயதான என் மகன் இத்தகைய மாலைப் போட்டிகளுக்குச் செல்கிறான். இருட்டிவிடுமே என்று கரையில் நின்று தவிக்கிறேன். நான் எதைக் கவனிக்க வேண்டும்?
— பெர்த்திலிருந்து ஒரு தாய்

பதில்: உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது, அம்மா. டிசம்பர் நடுவில் பெர்த்தில் சூரியன் 7.20 மணியளவில் மறைகிறது. மார்ச் இறுதியிலோ ஆறேகாலுக்கு முன்பே மறைந்துவிடுகிறது. மணிக்கு ஒன்பது கி.மீ. செல்லும் ஒருவருக்கு எட்டு கி.மீ. தொலைவைக் கடக்க ஏறத்தாழ 53 நிமிடங்கள் ஆகும். விழுந்து ஏறும் நேரம் தனி. ஆகவே பருவம் முடியும் மாதங்களில் புறப்படும் நேரத்தை முன்னே தள்ளுகிறார்களா, தொலைவைக் குறைக்கிறார்களா என்று அமைப்பாளர்களிடம் தயங்காமல் கேளுங்கள். மேற்கு நோக்கிய கடற்கரை என்பதால், சாயும் வெயில் நேரே கண்ணில் விழுந்து, கடலில் இருப்பவரைக் கரையிலிருந்து பார்ப்பதும் கடினமாகிவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத் தொப்பியும் மேலாடையும் அவன் அணியட்டும்.

உயிர்காப்பு அங்கி, நீர்புகா உறையில் கைப்பேசி, படகோடு காலைப் பிணைக்கும் கயிறு ஆகியவை இல்லாமல் அவனை அனுப்பாதீர்கள். கயிறுதான் மிக முக்கியம். ஆளில்லாத படகு பத்துப் பதினைந்து கிலோ எடைதான் இருக்கும். பலத்த காற்றில் அது அடித்துச் செல்லப்படும் வேகத்துக்கு எந்த நீச்சல்காரரும் ஈடுகொடுக்க முடியாது. இன்னொன்று: பாதியில் விலகிக் கரையேறினாலும், பதிவு மேசைக்குச் சென்று தன் பெயருக்கு எதிரே குறிக்கச் சொல்லிவிட்டே அவன் வீடு திரும்ப வேண்டும். சொல்லாமல் போய்விட்டால், அவன் வீட்டில் உணவருந்திக்கொண்டிருக்கும்போது மீட்புப் படகு இருட்டில் அவனைத் தேடிக்கொண்டிருக்கும்.