ஊட்டியில் உறைபனி, பெங்களூருவில் தூக்கமில்லை

கேள்வி: எனக்கு ஊட்டி பக்கத்தில் ஊர். கல்யாணமாகி பெங்களூருவில் இருக்கிறேன். இந்த வருடம் நீர்ப்பனியே சரியாக ஆரம்பிக்கவில்லை, தீபாவளி முடிந்த கையோடு உறைபனி இறங்கிவிட்டது. அப்பா, அம்மா தனியாக இருக்கிறார்கள். ஓடையோரம் உருளைக்கிழங்கு, மேட்டில் கொஞ்சம் தேயிலை. 'இங்கே வந்துவிடுங்கள்' என்றால் அப்பா போனை வைத்துவிடுகிறார். வாட்ஸ்அப் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தூக்கமே போய்விட்டது. இன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா?
– வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: போங்கள், ஆனால் ராத்திரியில் வேண்டாம். ஆபீஸ் முடித்துக் கிளம்பினால், வழியில் பந்திப்பூர் காட்டுச் சாலையின் கேட்டை ராத்திரி 9 மணிக்கு மூடிவிடுவார்கள். காலை 6 மணி வரை குண்டலுப்பேட்டையில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கர்நாடகப் பதிவெண் என்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடியோக்களை முதலில் தள்ளி வையுங்கள். எல்லோரும் படமெடுப்பது தலைகுந்தா, காந்தல் மாதிரி பள்ளமான இடங்களை. மழை விட்டு, வானம் வெளுத்து, காற்றும் அடங்கிய ராத்திரியில் குளிர்காற்று கனத்துப் பள்ளத்தில் போய்த் தேங்கும். உறைபனி அங்கேதான் கெட்டியாகப் படியும். மேட்டிலிருக்கும் உங்கள் தேயிலைக்கு அவ்வளவு இருக்காது. கருகினாலும் பெரும்பாலும் இலையோடு போகும், கிளையை வெட்டிக் கவாத்து செய்தால் துளிர்த்துவிடும். ஓடையோர உருளைக்கிழங்குதான் சிக்கல். ஒரே ராத்திரியில் இலை வெந்தது போலாகி, வெயில் பட்டதும் கறுத்துத் தொங்கிவிடும். அப்பா போனை வைப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். பயிர் அப்படி நிற்கும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு வா என்றால் எந்த விவசாயிக்குத்தான் கோபம் வராது? இனி பேசும்போது, 'ஸ்பிரிங்க்ளர் போட்டீங்களாப்பா, எவ்வளவு கருகிச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். போனை வைக்க மாட்டார்.

என் பயம் வேறு. குளிருக்கு வீட்டில் கரி அடுப்பு மூட்டுகிறார்களா? அதைப் படுக்கையறைக்குள் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஊட்டிப் பக்கம் அப்படிப் போனவர்கள் உண்டு. இதை அப்பாவிடம் சொன்னால் 'எங்களுக்குத் தெரியாதா' என்பார். அம்மாவிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. படுக்குமுன் அடுப்பு வெளியே போயாக வேண்டும்.

அப்புறம், சனிக்கிழமை விடியலில் கிளம்பும்போது ஒரு ஆயில் ஹீட்டர் வாங்கிக்கொண்டு போங்கள். அப்பா விலை கேட்டால் பாதியைச் சொல்லுங்கள். கரண்ட் பில் வரும்போது அதைத் தனியாகச் சமாளித்துக்கொள்ளலாம்.